குரல் அழைப்புகளுக்கு நிச்சயமான பேண்ட்விட்த்: சிறு அலுவலக ரவுட்டரில் ஒதுக்கும் முறை

அலுவலகத்தில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கியதும், பக்கத்து மேசையில் ஐபி போனில் பேசிக்கொண்டிருப்பவரின் குரல் எதிர்முனையில் விட்டுவிட்டுக் கேட்பது பலருக்கும் பழக்கமான தொல்லை. பெரும்பாலான இடங்களில் இதற்குத் தீர்வாக இணைப்பின் வேகத்தை உயர்த்துகிறார்கள். அந்தத் தீர்வு நெடுநாள் நிற்பதில்லை. கோப்பு ஏற்றம், காப்புப்பிரதி, மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவை பெரும்பாலும் டிசிபி என்னும் தரவு அனுப்பும் நெறிமுறை வழியாகச் செல்பவை. நெரிசலின் அறிகுறி தென்படும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது டிசிபியின் இயல்பு என்பதால், 10 எம்பிபிஎஸ் இணைப்பானாலும் 100 எம்பிபிஎஸ் இணைப்பானாலும் ஒரு பெரிய ஏற்றம் அதை முழுவதும் நிரப்பிவிட முடியும். வேகம் கூடினால் இணைப்பு நிரம்பியிருக்கும் நேரம் குறையும். நிரம்பியிருக்கும் அந்த நேரத்தில் அழைப்பு கெடுவது அப்படியேதான் இருக்கும். குரல் அழைப்புக்குத் தேவைப்படும் வேகம் மிகச் சிறியது, ஆனால் அந்தச் சிறிய அளவு ஒவ்வொரு விநாடியும் தவறாமல், காத்திருப்பு இல்லாமல் கிடைத்தாக வேண்டும். அதை நம் ரவுட்டரிலேயே உறுதிசெய்துகொள்ளும் வழியை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு சிறு அலுவலகத்தை வைத்துக்கொள்வோம்: பதிவிறக்கம் 50 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 10 எம்பிபிஎஸ் கொண்ட பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து இணையும் முறை) இணைப்பு, ஒரே நேரத்தில் அதிகபட்சம் 8 வெளி அழைப்புகள், ஆஸ்டரிஸ்க் மென்பொருளில் இயங்கும் ஒரு பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்), லினக்ஸ் ரவுட்டர். லினக்ஸில் இதற்கான கருவி, இணைப்பின் வேகத்தை வகுப்புகளாகப் பிரித்துப் பங்கிடும் எச்டிபி. மார்ட்டின் டெவேரா எழுதிய இது 2002-இல் 2.4.20 கெர்னலில் சேர்க்கப்பட்டது. இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. மைக்ரோடிக் ரவுட்டர்களின் வரிசைகளும் (கியூ) எச்டிபியைத்தான் அடிப்படையாகக் கொண்டவை. அங்கே ‘லிமிட்-அட்’ என்பது உறுதியளிக்கப்பட்ட வேகத்தையும், ‘மேக்ஸ்-லிமிட்’ என்பது உச்சவரம்பையும் குறிக்கும். சிஸ்கோவில் இதே வேலையைப் ‘பிரையாரிட்டி’ கட்டளை செய்கிறது. பெயர்கள் வேறுபட்டாலும் கணக்கு ஒன்றே.

நெரிசல் உண்டாகும் இடம்

உள் வலையமைப்பு 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் ஓடுகிறது. வெளியே செல்லும் பாதையோ 10 எம்பிபிஎஸ் மட்டுமே. இந்த வேக வேறுபாட்டை மோடம் தன் நினைவகத்தில் வரிசை கட்டிச் சமாளிக்கிறது. அந்த வரிசையில் 256 கிலோபைட் தேங்கியிருந்தால், அது 10 எம்பிபிஎஸ் வேகத்தில் வெளியேறுவதற்கு ஏறக்குறைய 210 மில்லி விநாடி ஆகும். அதன் கடைசியில் வந்து சேரும் குரல் பாக்கெட்டும் (குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டு) அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதுதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவான ஐடியு-டியின் ஜி.114 பரிந்துரை, வாயிலிருந்து காதுவரை ஆகும் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பதே நல்லது என்கிறது. மோடத்தின் வரிசை ஒன்று மட்டுமே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. வரிசையின் நீளம் நொடிக்கு நொடி மாறுவதால் பாக்கெட்டுகள் சீரற்ற இடைவெளியிலும் வந்து சேர்கின்றன.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. பின்னால் வரும் எல்லாமே இதைச் சார்ந்திருக்கிறது. மோடத்துக்குள் இருக்கும் வரிசையை நம்மால் ஆள முடியாது. ரவுட்டருக்குள் இருக்கும் வரிசையை ஆள முடியும். ஆகவே வரிசை ரவுட்டரில்தான் சேர வேண்டும், மோடத்தில் சேரக் கூடாது. அதற்கு, ரவுட்டரிலிருந்து மோடத்துக்குச் செல்லும் மொத்த வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக நாமே மட்டுப்படுத்திவிட வேண்டும். இதைச் செய்யாமல் குரலுக்கு எத்தனை ஒதுக்கீடு எழுதி வைத்தாலும் பயன் இருக்காது. ரவுட்டரைப் பொறுத்தவரை அது 1 ஜிபிபிஎஸ் கேபிளில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே நெரிசலே இல்லை. முன்னுரிமை தர வேண்டிய தருணமே அதற்கு வருவதில்லை. ஒதுக்கீடு செய்தும் பலனில்லை என்ற புகார் வரும்போது நான் முதலில் பார்ப்பது இந்த மொத்த வரம்பைத்தான்.

ஒதுக்க வேண்டிய அளவைக் கணக்கிடுதல்

குரலை எண்மத் தரவாக்கும் முறையான ஜி.711 கோடெக் 64 கேபிபிஎஸ் என்று சொல்லப்படுகிறது. எனவே 8 அழைப்புக்கு 512 கேபிபிஎஸ் போதும் என்று கணக்கிடுவது தவறு. ஒவ்வொரு 20 மில்லி விநாடிக்கும் ஒரு பாக்கெட் என, ஓர் அழைப்பு ஒரு திசையில் விநாடிக்கு 50 பாக்கெட்டுகளை அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட். அதன் மேல் பாக்கெட்டை வழிநடத்தும் விவரங்கள், அதாவது தலைப்புகள் (ஹெடர்), சேரும்: ஆர்டிபி தலைப்பு 12, யுடிபி தலைப்பு 8, ஐபிவி4 தலைப்பு 20 எனச் சேர்ந்து 200 பைட் ஆகிறது. பிபிபிஓஇ 8 பைட், ஈதர்நெட் தலைப்பு 14, அதன் முடிவிலுள்ள சரிபார்ப்புக் கூறு 4, இணைப்பு வழங்குநர் விலேன் (ஒரே கம்பியில் பிரிக்கப்பட்ட தனி வலையமைப்பு) குறி கேட்டால் இன்னும் 4 எனக் கூட்டினால் 230. கம்பியில் ஒவ்வொரு சட்டகத்துக்கு முன்னும் பின்னும் செலவாகும் 20 பைட் நேரத்தையும் சேர்த்தால் 250 பைட். 250 பைட்டை 8-ஆல் பெருக்கி, விநாடிக்கு 50 முறை என்று கணக்கிட்டால் சரியாக 100 கேபிபிஎஸ் வருகிறது. நினைவில் வைக்கவும் எளிய எண் இது: ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு, ஒரு திசைக்கு, 100 கேபிபிஎஸ்.

குரலைச் சுருக்கும் கோடெக்குக்கு மாறினால் இடம் பெரிதும் மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பையும் இதே கணக்கு திருத்துகிறது. ஜி.729 குரலை 8 கேபிபிஎஸ்ஸாக, அதாவது எட்டில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. ஆனால் தலைப்புகள் சுருங்குவதில்லை. 20 பைட் குரலுக்கு 90 பைட் சுமை சேர்ந்து 110 பைட் பாக்கெட்டாகிறது. கம்பியில் 44 கேபிபிஎஸ் ஆகிறது. 10 எம்பிபிஎஸ் பதிவேற்றம் உள்ள இடத்தில் இந்த மிச்சத்துக்காகக் குரலின் தரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வேறு சில சேர்க்கைகளையும் மறந்துவிடக் கூடாது. ஐபிவி6 என்றால் பாக்கெட்டுக்கு 20 பைட் கூடி 108 கேபிபிஎஸ் ஆகும். அழைப்புகள் ஐபிவி4 மீது ஓடும் வயர்கார்டு விபிஎன் வழியாகச் சென்றால் பாக்கெட்டுக்கு 60 பைட்டாவது கூடும். 124 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். பாக்கெட் இடைவெளி 20 மில்லி விநாடிதானா என்பதையும் போனின் அமைப்பில் பார்த்துவிட வேண்டும். சிலர் தாமதத்தைக் குறைக்க எண்ணி அதை 10 ஆக வைத்துவிடுகிறார்கள். அப்போது அதே ஜி.711 அழைப்பு 136 கேபிபிஎஸ் கேட்கும்.

நம் அலுவலகத்துக்கு 8 அழைப்புகள், 800 கேபிபிஎஸ். அழைப்பின் தர அறிக்கைகளைச் சுமக்கும் ஆர்டிசிபி பாக்கெட்டுகளுக்கும் சிறு தளர்வுக்கும் இடம் விட்டுக் குரல் வகுப்புக்கு 900 கேபிபிஎஸ் ஒதுக்குவோம். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் எஸ்ஐபி செய்திகளுக்குத் தனியே 100 கேபிபிஎஸ். இவற்றைக் குரலோடு சேர்க்காமல் தனி வகுப்பில் வைப்பதே நல்லது. எஸ்ஐபி செய்திகள் நீளமானவை, திடீரெனக் கூட்டமாக வருபவை. சில மில்லி விநாடி தாமதத்தை அவை தாங்கும்.

மொத்த வரம்பும் வகுப்புகளும்

அடுத்து இணைப்பின் உண்மையான வேகத்தை அறிய வேண்டும். திட்டத்தில் எழுதியுள்ள வேகத்தை நம்பாமல், காலையிலும் மாலை நெரிசல் நேரத்திலும், கேபிளில் நேரடியாக இணைத்த கணினியிலிருந்து பலமுறை அளந்து, கிடைத்தவற்றுள் மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீதத்தை மொத்த வரம்பாக வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் 9 எம்பிபிஎஸ். இழக்கும் அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பார்த்துத் தயங்குபவர்கள் உண்டு. வரிசையை நம் கைக்குள் கொண்டுவருவதற்கான விலை அது, கொடுத்தே ஆக வேண்டும்.

எச்டிபியில் ஒரு வேர், அதன் கீழ் 9000 கேபிபிஎஸ் கொண்ட ஒரு தாய் வகுப்பு, அதன் கீழ் மூன்று சேய் வகுப்புகள் என அமைக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதலாவது ‘ரேட்’, நெரிசல் எவ்வளவு இருந்தாலும் அந்த வகுப்புக்குக் கிடைத்தே தீரும் வேகம். இரண்டாவது ‘சீல்’, மற்ற வகுப்புகள் பயன்படுத்தாமல் விட்டதைக் கடன் வாங்கி அது எட்டக்கூடிய உச்சம். குரல் வகுப்புக்கு ரேட் 900, முன்னுரிமை எண் 0. எஸ்ஐபி வகுப்புக்கு ரேட் 100, சீல் 1000, முன்னுரிமை 1. எஞ்சிய எல்லாவற்றுக்குமான பொது வகுப்புக்கு ரேட் 8000, சீல் 9000, முன்னுரிமை 3. லினக்ஸில் சிறிய எண்ணே உயர்ந்த முன்னுரிமை. 0-இலிருந்து 7 வரை செல்லும். மைக்ரோடிக்கில் அது 1-இலிருந்து 8 வரை.

சேய் வகுப்புகளின் ரேட் கூட்டுத்தொகை தாயின் ரேட்டைத் தாண்டக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருங்கள். இங்கே 900, 100, 8000 சேர்ந்து சரியாக 9000. பொது வகுப்புக்குத் தாராளமாக 9000 ரேட் எழுதிவிட்டால், இல்லாத 1000 கேபிபிஎஸ்ஸை இரண்டு பேருக்கு வாக்களித்ததாக ஆகும். எச்டிபி அதைத் தடுக்காது. நெரிசல் வரும் நாளில்தான் தெரியும்.

ஒதுக்கி வைத்த 900 கேபிபிஎஸ் யாரும் பேசாத நேரத்தில் வீணாகிறதா என்ற கேள்வி இயல்பானது. வீணாவதில்லை. பொது வகுப்பின் சீல் 9000 என்பதால், அழைப்பு இல்லாதபோது அந்த இடத்தையும் கோப்பு ஏற்றம் எடுத்துக்கொள்ளும். முதல் குரல் பாக்கெட் வந்தவுடன் விட்டுக்கொடுக்கும். ஆகவே இரவு நேரக் காப்புப்பிரதி இந்த ஒதுக்கீட்டால் மெதுவாகிறது என்று யாரேனும் சொன்னால், காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள்.

குரல் வகுப்பின் சீல் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பலர் அதையும் 9000 என வைத்து, தேவைப்பட்டால் குரல் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும் என்பார்கள். நான் ரேட்டும் சீலும் ஒன்றாக, 900 ஆகவே வைக்கப் பரிந்துரைக்கிறேன். சீலை உயர்த்தி வைத்தால், கணக்குக்கு மேற்பட்ட பத்தாவது அழைப்பு இணைப்பு ஓய்வாக இருக்கும்போது கடன் வாங்கி நன்றாக ஓடும். பொது வகுப்பு தன் 8000-ஐயும் முழுவதும் கேட்கும் நேரத்தில் கடன் கிடைக்காமல் உடையும். சோதிக்கும்போது நன்றாக இருந்து, வேலை நேரத்தில் மட்டும் கெடும் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கணக்கில் உள்ள பிழை முதல் சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும். தவறான குறியோடு வரும் வேறு பாக்கெட்டுகள் குரல் வகுப்புக்குள் நுழைந்து இணைப்பு முழுவதையும் விழுங்குவதையும் இது தடுக்கிறது.

ஒவ்வொரு சேய் வகுப்புக்குள்ளும் எந்த வகை வரிசை இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். குரல் வகுப்புக்கு முதலில் வந்தது முதலில் செல்லும் எளிய வரிசை போதும். ஆனால் அதன் நீளத்தை 30 பாக்கெட் அளவில் நிறுத்திவிடுங்கள். 30 பாக்கெட் என்பது 900 கேபிபிஎஸ் வேகத்தில் ஏறக்குறைய 67 மில்லி விநாடி. அதற்கு மேல் காத்திருந்த குரலால் பெரும்பாலும் பயனில்லை, அதை அனுப்புவதைவிடக் கைவிடுவது மேல். பொது வகுப்புக்கு எஃப்கியூ-கோடல் வையுங்கள். 2018-இல் இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 8290 ஆக வெளிவந்த இந்த முறை, ஒவ்வொரு தொடர்பையும் தனித்தனி வரிசையில் பிரித்து, தேக்கத்தை 5 மில்லி விநாடி அருகில் நிறுத்த முயல்கிறது. குரலுக்கு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும், இணையப் பக்கங்கள் உடனே திறக்கும் என்பதால், அலுவலகத்தில் மற்றவர்களும் இந்த மாற்றத்தை வரவேற்பார்கள்.

இரண்டு சிறு அமைப்புகளை விட்டுவிடக் கூடாது. எச்டிபியின் வேரில் இயல்பு வகுப்பு எது என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் எந்த வகுப்பிலும் சேராத பாக்கெட்டுகள் வரம்பே இல்லாமல் முழு வேகத்தில் வெளியேறி, மோடத்தில் மீண்டும் வரிசையை உண்டாக்கும். மேலும், பிபிபி இடைமுகத்தில் ரவுட்டர் எண்ணுவது 200 பைட் மட்டுமே. கம்பியில் செலவாகும் மற்ற 50 பைட் அதற்குத் தெரியாது. பாக்கெட்டுக்கு 50 பைட் கூடுதல் சுமை என்று அளவு அட்டவணையில் எழுதிவைத்தால்தான் மேலே போட்ட 100 கேபிபிஎஸ் கணக்கும் ரவுட்டரின் கணக்கும் ஒத்துப்போகும்.

குரலை அடையாளம் காணுதல்

டிஎஸ்சிபி என்னும் 6 பிட் குறி ஐபி தலைப்பில் இருக்கிறது. 1998-இல் ஆர்எஃப்சி 2474 அதை வரையறுத்தது. குரலுக்குரிய மதிப்பு 46. இஎஃப் என்று அழைப்பார்கள். ஐபி போன்களும் பிபிஎக்ஸும் இந்தக் குறியைத் தாமே இடும் வசதி கொண்டவை. இட்டிருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறியை மட்டும் நம்புவது ஆபத்து. எந்தக் கணினியும் தன் பாக்கெட்டில் 46 என்று எழுதிக்கொள்ளலாம். எனவே போன்களையும் பிபிஎக்ஸையும் தனி விலேனில் வைத்து, அந்த விலேனிலிருந்து வரும் குறியை மட்டும் ஏற்று, மற்ற இடங்களிலிருந்து வருபவற்றின் குறியை ரவுட்டரின் நுழைவிலேயே 0 ஆக்கிவிடுங்கள். வெளி அழைப்புகளின் குரல் யாவும் பிபிஎக்ஸ் வழியாகவே செல்லும்படி அமைத்திருந்தால் வேலை இன்னும் எளிது: பிபிஎக்ஸின் ஐபி முகவரியும் 46 என்ற குறியும் சேர்ந்து பொருந்தினால் குரல் வகுப்பு, அதே முகவரி, 5060 அல்லது 5061 போர்ட் என்றால் எஸ்ஐபி வகுப்பு. போர்ட் எண்ணை மட்டும் வைத்துக் குரலைப் பிரிப்பதை நான் விரும்புவதில்லை. ஆஸ்டரிஸ்க்குடன் வரும் மாதிரி அமைப்பில் ஆர்டிபி 10000 முதல் 20000 வரையிலான போர்ட்டுகளைப் பயன்படுத்துகிறது. அவ்வளவு அகன்ற வரம்பில் வேறு மென்பொருள்களின் பாக்கெட்டுகளும் எளிதில் வந்து விழும்.

விபிஎன் வழியாகச் செல்லும் குரலுக்கு ஓர் எச்சரிக்கை. வயர்கார்டு உள்ளே இருக்கும் பாக்கெட்டின் டிஎஸ்சிபி குறியை வெளியுறைக்கு நகலெடுப்பதில்லை. ஆகவே வெளி இடைமுகத்தில் குறியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. குரலுக்கென்றே தனி வயர்கார்டு இணைப்பை வேறு போர்ட்டில் அமைத்து, அந்தப் போர்ட்டைப் பார்த்துப் பிரிப்பதே தெளிவான வழி.

ஒன்பதாவது அழைப்பு

இந்த வேலையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். என்னைப் பொறுத்தவரை, இது இல்லாமல் எந்த ஒதுக்கீட்டையும் ‘நிச்சயம்’ என்று சொல்லக் கூடாது. 900 கேபிபிஎஸ் வகுப்பில் 10 அழைப்புகள் நுழைந்தால் வருவது 1000 கேபிபிஎஸ். மிஞ்சும் 100 கேபிபிஎஸ் கைவிடப்பட வேண்டும். அந்த இழப்பு பத்தாவது அழைப்புக்கு மட்டும் நேர்வதில்லை. வரிசைக்கு யாருடைய பாக்கெட் எது என்று தெரியாததால், பத்துப் பேரின் குரலிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பாக்கெட் தொலையும். ஒருவரை உள்ளே விட்டதால் பத்து உரையாடல்களும் கெட்டுப்போகும்.

ஆகவே எண்ணிக்கைக்கு மேற்பட்ட அழைப்பைத் தொடக்கத்திலேயே மறுக்க வேண்டும். அந்த இடம் பிபிஎக்ஸ். ஆஸ்டரிஸ்க்கின் டயல்பிளானில் (அழைப்பை எங்கே அனுப்புவது என்னும் விதிகள்) வெளி அழைப்புகளை ஒரு குழுவில் சேர்த்து, குழுவின் எண்ணிக்கையைத் தரும் ‘குரூப்-கவுண்ட்’ செயற்கூறு 8-ஐத் தாண்டினால் பிஸி ஒலியைத் தரும்படி எழுதலாம். அல்லது அழைப்பைக் கைப்பேசி இணைப்பு போன்ற வேறு வழிக்குத் திருப்பலாம். ஃப்ரீபிபிஎக்ஸ் பயன்படுத்துவோர் டிரங்க் அமைப்பில் அதிகபட்சச் சேனல் எண்ணிக்கையை 8 என்று இட வேண்டும்; அந்த வரம்பு வெளியே செல்லும் அழைப்புகளுக்குரியது. உள்ளே வரும் அழைப்புகளும் அதே பேண்ட்விட்த்தைத்தான் உண்ணும் என்பதால், அவற்றையும் எண்ணுவதற்கு டயல்பிளான் வழியே முழுமையானது.

1997-இல் ஆர்எஃப்சி 2205 ஆக வந்த ஆர்எஸ்விபி, இந்த மறுக்கும் வேலையையும் வலையமைப்பிடமே ஒப்படைக்க முயன்றது. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வோர் அழைப்பின் முன்பதிவையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்ததால், பொது இணையத்தில் அது பரவவில்லை. அடுத்த ஆண்டே ஆர்எஃப்சி 2475 முன்வைத்த வேறுபடுத்திய சேவை முறை, தனி அழைப்புகளை மறந்து வகுப்புகளை மட்டும் பார்க்கிறது. நாம் செய்வது இந்த இரண்டாவது வகை. அதனால்தான் எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது.

உள்ளே வரும் திசை

பதிவேற்றத்தில் நெரிசலுக்கு முன்னால் நாம் நிற்கிறோம். பதிவிறக்கத்தில் நெரிசலுக்குப் பின்னால் நிற்கிறோம். வழங்குநரின் கருவியிலேயே வரிசை சேர்ந்த பிறகுதான் பாக்கெட் நம்மிடம் வருகிறது. ஆகவே இந்தத் திசையில் முழு உறுதி தர முடியாது. ஆனால் பெருமளவு நிலைமையைச் சீராக்க முடியும். வெளி இடைமுகத்தில் உள்ளே வரும் பாக்கெட்டுகளை ஐஎஃப்பி என்னும் மெய்நிகர் இடைமுகத்துக்குத் திருப்பி, அங்கே 45 எம்பிபிஎஸ் மொத்த வரம்போடு அதே மூன்று வகுப்புகளை 900, 100, 44000 கேபிபிஎஸ் என அமைக்க வேண்டும். பொது வகுப்பில் பாக்கெட்டுகள் தாமதப்படுவதையும் தொலைவதையும் கண்டு, அனுப்பும் முனையிலுள்ள டிசிபி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வழங்குநரின் வரிசை வடியும். டிசிபி அல்லாத வெள்ளம் வந்தால் இது உதவாது.

இங்கே பிரிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இணையத்தின் வழியே வரும் பாக்கெட்டுகளில் டிஎஸ்சிபி குறி பெரும்பாலும் அழிக்கப்பட்டிருக்கும். ஐஎஃப்பிக்குத் திருப்பப்படும் இடம் லினக்ஸின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டருக்கு முந்தையது என்பதால், ஃபயர்வாலில் இட்ட குறியும் உள்முகவரி மாற்றமும் அப்போது நடந்திருக்காது. வெளியே செல்லும் குரல் பாக்கெட்டின் தொடர்புக்கு ஒரு கனெக்‌ஷன் மார்க் இட்டு, உள்ளே வரும் பாக்கெட்டைத் திருப்பும் முன் அந்த மார்க்கை மீட்டெடுக்கும் ‘கன்மார்க்’ செயலை டிசி (லினக்ஸில் வரிசைகளை அமைக்கும் கட்டளை) வடிகட்டியில் சேர்ப்பதே இதற்குச் சரியான வழி.

ஒதுக்கீட்டைத் தாண்டிச் செல்லும் வேகப் பாதைகள்

ரவுட்டரின் வேகத்தைக் கூட்டுவதற்காக உள்ள சில வசதிகள் வரிசைகளையே சுற்றிக்கொண்டு போய்விடும். மைக்ரோடிக்கின் ஃபாஸ்ட்டிராக், எளிய வரிசைகளையும் குளோபல் தாயின் கீழ் உள்ள வரிசை மரத்தையும் தவிர்த்துவிடுகிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃப்ளோ ஆஃப்லோடிங்கும் வேக மட்டுப்பாட்டோடு ஒத்துப்போவதில்லை. இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

லினக்ஸில் ஜிஆர்ஓ, ஜிஎஸ்ஓ, டிஎஸ்ஓ ஆகியவையும் கவனிக்கத் தக்கவை. இவை பல பாக்கெட்டுகளை ஒட்டி 64 கிலோபைட் வரையிலான ஒரே பொட்டலமாக ஆக்குகின்றன. அப்படி ஒன்றை எச்டிபி ஒரே மூச்சில் வெளியே விட்டால், அது 10 எம்பிபிஎஸ் இணைப்பில் கரைவதற்கு 52 மில்லி விநாடி ஆகும். அதுவரை குரல் மோடத்தில் காத்திருக்கும். ‘எத்டூல்’ கருவியால் இவற்றை உள், வெளி இடைமுகங்கள் இரண்டிலும் அணைக்க வேண்டும். 1500 பைட் கொண்ட சாதாரணப் பாக்கெட் என்றால் காத்திருப்பு 1.2 மில்லி விநாடி மட்டுமே. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மேசை போன்களைக் கேபிளில்தான் இணைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வைஃபையில் முன்னுரிமை உண்டு, உறுதி இல்லை. அதிலும், பல கருவிகள் டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வதால் 46 என்ற குறி 5 ஆகி, குரலுக்குரிய பிரிவில் சேராமல் காணொளிப் பிரிவில் சேர்கிறது. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 இதை 6 ஆக மாற்றச் சொல்கிறது. அக்சஸ் பாயிண்டில் அந்த வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இணைப்பே 4ஜி அல்லது 5ஜி வழியாக வருகிறதென்றால், அதன் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் நிலையான மொத்த வரம்பு பொருந்தாது. அங்கே மிகக் குறைந்த வேகத்தை அடிப்படையாகக் கொண்டு வாழப் பழக வேண்டும், அல்லது போனுக்கு வேறு கம்பி இணைப்பைப் பெற வேண்டும்.

வீட்டில் ஓரிரு அழைப்புகள் மட்டும் பேசுவோருக்கு இத்தனை வகுப்புகள் தேவையில்லை. 2018-இல் 4.19 கெர்னலில் சேர்ந்த கேக் வரிசையை ‘டிஃப்சர்வ்4’ முறையில் இயக்கி, மொத்த வேகத்தை மட்டும் கொடுத்தால் போதும். 46 குறியுள்ள பாக்கெட்டுகள் அதன் குரல் பிரிவுக்குத் தாமே செல்லும். ஒட்டிய பொட்டலங்களையும் அதுவே பிரித்துக்கொள்ளும்.

சோதித்தல்

முதலில் ஒதுக்கீடு இல்லாத நிலையில் ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே வெளி முகவரி ஒன்றுக்குப் பிங் அனுப்பி, தாமதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒதுக்கீட்டை இயக்கி அதையே மீண்டும் செய்யுங்கள். பிங் பாக்கெட் பொது வகுப்பில் செல்வது. அதுவே பெருமளவு குறைந்திருந்தால் மொத்த வரம்பு சரியாக அமைந்திருக்கிறது. குறையவில்லையென்றால் வரிசை இன்னும் மோடத்தில்தான் இருக்கிறது. மொத்த வரம்பை 8.5 எம்பிபிஎஸ், 8 எம்பிபிஎஸ் என்று படிப்படியாக இறக்கிப் பாருங்கள். இறக்கும்போது பொது வகுப்பின் ரேட்டையும் அதே அளவு குறைக்க வேண்டும்.

அடுத்து, ஏற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 8 அழைப்புகளை உண்மையாகவே நடத்துங்கள். வெளி இடைமுகத்தில் வயர்ஷார்க் பிடித்த பாக்கெட்டுகளில் டிஎஸ்சிபி 46 தெரிய வேண்டும். டிசியின் வகுப்புப் புள்ளிவிவரத்தில் குரல் வகுப்பின் வேகம் 800 கேபிபிஎஸ் அருகில் நிற்க வேண்டும். கைவிடப்பட்ட பாக்கெட் எண்ணிக்கை 0 ஆக இருக்க வேண்டும். வேகம் 640 அருகில் நின்றால் கூடுதல் சுமையின் 50 பைட் சேர்க்கப்படவில்லை என்று பொருள். குரல் வகுப்பின் எண்கள் அசையவே இல்லை, பொது வகுப்பு மட்டும் ஓடுகிறது என்றால் அடையாளம் காணும் விதி பொருந்தவில்லை. ஃபயர்வாலின் எண்ணிகளைப் பார்த்து எந்த விதியில் பாக்கெட் நழுவுகிறது என்று கண்டறியுங்கள். கடைசியாக ஒன்பதாவது அழைப்பை முயலுங்கள். அழைத்தவருக்குப் பிஸி ஒலி கேட்க வேண்டும். மற்ற எட்டுப் பேரின் உரையாடலில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது.

வழங்குநர் திட்டத்தின் வேகத்தை மாற்றினாலோ, மோடத்தை மாற்றினாலோ, புதிய போன்கள் வேறு கோடெக்கோடு வந்தாலோ, இந்த எண்கள் பழையனவாகிவிடும். மொத்த வரம்பு, அழைப்பு எண்ணிக்கை, அழைப்புக்கான கேபிபிஎஸ் ஆகிய மூன்றையும் அமைப்புக் கோப்பின் தலையிலேயே குறிப்பாக எழுதிவைத்து, மாற்றம் நேரும்போது ஏற்றச் சோதனையையும் ஒன்பதாவது அழைப்புச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள்.